கைமாறி வரும் மடிக்கணினி

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மடிக்கணினி என்பது நாள்தோறும் கையாளப்படும் பொருளன்று. அன்றாடக் காரியங்களைக் கைப்பேசியே முடித்துவிடுகிறது. ஊரிலுள்ள தாயாரோடு முகம் பார்த்துப் பேசுவதும், மாதந்தோறும் பணம் அனுப்புவதும், செய்தி கேட்பதும் அதிலேயே நடந்தேறுகின்றன. ஆயினும் ஆண்டில் சில நாட்கள் வருகின்றன. மகளின் நுழைவுத் தேர்வு விண்ணப்பம், புகைப்படத்தை இத்தனை கிலோபைட் அளவுக்குள் சுருக்கித் தருமாறு கட்டளையிடுகிறது. மகன் தன் கல்லூரி அறிக்கையை ஐம்பது பக்கம் தட்டெழுத வேண்டியிருக்கிறது. வேலைக்கான நேர்காணலுக்குக் கணினிமுன் அமர்ந்தாக வேண்டும் என்று கடிதம் வருகிறது. அத்தகைய நாட்களில் கைப்பேசியின் சிறு திரை போதுவதில்லை. புதிய கணினி வாங்கவோ மாதச் சம்பளம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே, பழையதொன்றை மலிவாக வாங்கி வைத்துக்கொள்வோமே என்ற எண்ணம் எழுகிறது.

இவ்வெண்ணம் தக்கதே. ஆனால், வாங்குவோரிற் பெரும்பாலோர் பார்க்க வேண்டியதை விடுத்து, பார்க்கத் தேவையில்லாததையே பார்க்கின்றனர். மேலுறை பளபளக்கிறதா, கீறல் உண்டா, புகழ்பெற்ற பெயர் பொறித்திருக்கிறதா, விலையில் இன்னும் ஐந்நூறு குறையுமா என்பவற்றில் கருத்துச் செலுத்துகின்றனர். எப்பொழுதேனும் எடுத்து உபயோகிக்கும் யந்திரத்துக்கு முதலாவதாக வேண்டுவது அழகுமன்று, பெரு வேகமுமன்று. மூன்று வாரம் அலமாரியில் உறங்கிய பின்னும் தேவைப்பட்ட நாளில் தவறாது விழித்தெழ வேண்டும்; எழுந்தபின் இணையத்தில் அச்சமின்றி நடமாட வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் உயிர் பெறாத கணினி, விலை எவ்வளவு குறைந்திருப்பினும் நஷ்டமே.

வாங்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் ஆராய்ந்து கொள்வது நலம். ஆண்டில் இரண்டு மூன்று தடவை மட்டுமே தேவை என்றால், மகாராஷ்டிரத்தில் ஊர்தோறும் இயங்கும் மஹா ஈ-சேவா கேந்திரங்களும், பிற மாநிலங்களில் பொதுச் சேவை மையங்களும் சிறு கட்டணத்தில் அவ்வேலையை முடித்துத் தரும். வங்கிக் கணக்குக்கான கடவுச்சொல்லை மட்டும் பிறர் கணினியில் இடாதிருத்தல் வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்து, மாதத்துக்கு இரண்டு மூன்று நாளாவது தட்டெழுத்து வேலை இருக்குமாயின், அப்பொழுது சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது பொருந்தும். நாம் மேற்கொண்டு சொல்வன அத்தகைய குடும்பத்துக்காகவே.

உதாரணத்துக்குப் பூனா நகரின் வடபுறத்திலுள்ள தாபோடியை எடுத்துக்கொள்வோம். கட்கிப் பாசறைப் பக்கத்திலிருந்து ஹாரிஸ் பாலத்தின் வழியே மூளா நதியைக் கடந்தால் தாபோடி. ராணுவப் பொறியியல் கல்லூரி இங்கே இருக்கிறது. பூனாவிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் ரயில் இங்கு நிற்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் மெட்ரோ ரயிலும் நிற்கிறது. ஒரு பக்கம் பிம்பிரி-சிஞ்ச்வட் தொழிற்சாலைகள். மேற்கே ஹிஞ்சவடியில் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பூங்கா. தெற்கே பழைய நகரின் கடைத்தெருக்கள். கணினி நிறுவனங்கள் இவ்வளவு அருகில் இருக்கும் ஊரில் பழைய மடிக்கணினிக்குப் பஞ்சமிராது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் வாழும் தமிழர்களுக்கும் இதே நிலைமைதான்.

இந்தப் பழைய யந்திரங்கள் எங்கிருந்து வருகின்றன? பெருநிறுவனங்கள் தங்கள் ஊழியர்க்குத் தரும் கணினிகளை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்வது குறைவு. பல நிறுவனங்கள் அவற்றைக் குத்தகைக்கே எடுக்கின்றன. தவணை முடிந்ததும் நூற்றுக்கணக்கில் ஒருசேரத் திருப்பித் தரப்படுகின்றன, அல்லது ஏலத்தில் விடப்படுகின்றன. மொத்த வியாபாரி அவற்றை வாங்கித் துடைத்து, பழுதுபார்த்து, சில்லறைக் கடைகளுக்கு அனுப்புகிறார். இவ்வழியில் வருபவை பெரும்பாலும் அலுவலக ரகத்தைச் சேர்ந்தவை: டெல் நிறுவனத்தின் லாட்டிட்யூட், ஹெச்.பி.யின் எலைட்புக், புரோபுக், லெனோவோவின் திங்க்பேட் ஆகியன. வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் மெல்லிய, வண்ணமயமான ரகங்களைவிட இவை தடித்தவை, பார்வைக்குக் கறுத்தவை. ஆயினும் நம் காரியத்துக்கு இவையே மேல். அடிமூடியைத் திருகு கழற்றித் திறக்கலாம்; மின்கலத்தை மாற்றலாம்; பெரும்பாலானவற்றில் நினைவகத்தைக் கூட்டலாம். உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்கும். பளபளப்பான வீட்டு ரகத்தில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பின், அது குறைவென்று பின்னர் தோன்றினாலும் செய்வதற்கொன்றுமில்லை.

தாபோடிவாசிகளுக்கு இதை விளக்க அவர்கள் ஊரிலேயே ஓர் உவமை உண்டு. மகாராஷ்டிர மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை தாபோடியில்தான் இருக்கிறது. அங்கே பேருந்தின் அடிச்சட்டத்தின்மீது உடல் கட்டுகிறார்கள். அடிச்சட்டம் உறுதியாக இருந்தால், இருக்கையும் கண்ணாடியும் தகடும் மாற்றிப் பேருந்தை மறுபடி சாலைக்கு அனுப்பிவிடலாம். அடிச்சட்டம் வளைந்திருப்பின், மேலே எத்தனை முறை வண்ணம் பூசினும் பயனில்லை. மடிக்கணினியில் அடிச்சட்டம் எனத்தக்கது தாய்ப்பலகையும் அதில் அமர்ந்திருக்கும் செயலியுமே. மின்கலம், சேமிப்புத் தட்டு, விசைப்பலகை யாவும் மாற்றத்தக்க தகடுகள். செயலியோ, வாங்கிய அன்று எதுவோ அதுவே கடைசி வரைக்கும்.

அந்தச் செயலியின் தலைமுறைதான் இன்று விலையின் இரகசியத்தை உள்ளடக்கியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்க்கு 2026 அக்டோபர் 13 வரையில் நீட்டிப்பு உண்டென்று அறிவித்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 எல்லா யந்திரங்களையும் ஏற்பதில்லை. இன்டெல் செயலியாயின், அநேகமாக 2017இல் தொடங்கிய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இதன் விளைவு என்னவென்றால், ஆறாம் ஏழாம் தலைமுறைக் கணினிகள், இயங்குவதில் யாதொரு குறையும் இல்லாதிருந்தும், நிறுவனங்களால் கூட்டங்கூட்டமாகக் கைவிடப்பட்டன. சந்தையில் அவை மலிந்ததன் காரணம் இதுவே. கடைக்காரர் "ஐந்தாயிரம் குறைவு" என்று சொல்லும்போது, குறைந்தது யந்திரத்தின் உழைப்பன்று. அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பின் காலம்.

தலைமுறையைக் கண்டறிவது கடினமன்று. செயலியின் பெயர் ஐ5-8250யு என்று திரையில் காணப்பட்டால், கோட்டுக்குப் பின்வரும் முதல் இலக்கமாகிய 8 என்பதே தலைமுறை. ஐ5-7200யு என்றிருந்தால் ஏழு. 1035 என்பது போலப் பத்தில் தொடங்கினால் பத்தாம் தலைமுறை. எட்டாவதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. ஏழாம் தலைமுறையின் 7200யுவில் இரண்டு உட்கருக்களே இருந்தன. 8250யுவில் நான்கு வந்தன. ஒரே ஆண்டு வித்தியாசத்தில் இவ்வளவு முன்னேற்றம் அடிக்கடி நேர்வதன்று. ஆதலின் பழைய கணினி வாங்குவோர் "எட்டுக்குக் கீழே வேண்டாம்" என்று கடையில் துணிந்து சொல்லலாம். ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்களைப் பார்த்து மயங்குவோர் பலர். ஆறாம் தலைமுறை ஐ7ஐ விட எட்டாம் தலைமுறை ஐ5 நமக்கு உகந்தது.

எட்டுக்குக் கீழே அறவே வேண்டாமா என்று கேட்டால், ஒரு விலக்கு உண்டு. லினக்ஸ் என்னும் கட்டணமில்லாத இயங்குதளத்தைப் பழக மனமிருந்தால், பழைய செயலியிலும் அது தங்குதடையின்றி ஓடும். பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும். பூனாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1988இல் தோன்றிய சி-டாக் நிறுவனம், பாஸ் என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கென லினக்ஸ் ஒன்றை உருவாக்கியது. அப்பணி நிகழ்ந்தது சென்னையில். 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸும் இடம்பெற்றிருந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். ஊரில் தங்கை மகனுக்கோ அண்ணன் மகளுக்கோ கிடைத்த அத்தகைய கணினி பீரோவில் உறங்கிக் கிடக்குமாயின், விடுமுறைக்குச் செல்லும்போது அதை எடுத்துப் பார்க்கலாம். வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. என்னும் சில்லுத் தட்டைப் பொருத்தி, நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸை நிறுவினால், தட்டெழுதவும் விண்ணப்பிக்கவும் போதும். குடும்பத்துக்குள் கைமாறும் பொருளை இவ்வாறு பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அரசு முத்திரையிட்ட கணினியைக் கடையில் விலைகொடுத்து வாங்குவது ஆகாது. அது விற்பனைக்கென வழங்கப்பட்டதன்று. ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்து கொள்ள வேண்டும். கண்காணிப்புடன் நடத்தப்படும் சில இணையவழித் தேர்வுகளும் நேர்காணல்களும் விண்டோஸையே கேட்கின்றன.

வாங்கும் நாளில் செய்ய வேண்டிய சோதனைகளுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். கைப்பேசி, காதில் மாட்டும் ஒலிவாங்கி, ஒரு பென் டிரைவ் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்ல வேண்டும். முதலாவது, கணினியை உறக்க நிலையில் அல்லாமல் முற்றிலும் அணைத்துவிட்டு மீண்டும் இயக்கச் சொல்லுதல். முன்பே ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்த யந்திரம் பல குறைகளை மறைக்கும். நம் கணினியோ எப்பொழுதும் குளிர்ந்த நிலையிலிருந்தே எழப் போவது. இயங்கத் தொடங்கும்போது டெல்லில் எஃப் 2, ஹெச்.பி.யில் எஃப் 10, லெனோவோவில் எஃப் 1 விசையை அழுத்தினால் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே கடவுச்சொல் கேட்டால், அத்துடன் பேச்சை நிறுத்திக்கொண்டு வெளியேறுவதே உத்தமம். "அது ஒன்றும் இல்லை, கணினி ஓடுகிறதே" என்பார்கள். அந்தப் பூட்டு இருக்கும் வரையில் பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை நிறுவ முடியாமற் போகலாம். அலுவலகக் கணினிகளில் அதை நீக்குவது எளிதன்று.

அதே பக்கத்தில் யந்திரத்தின் வரிசை எண் காணப்படும். அடிப்புறத்துச் சீட்டிலுள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வெவ்வேறாயின் தாய்ப்பலகை மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது மேலுறை வேறொன்றிலிருந்து வந்திருக்கிறது. அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டால், முதல் உத்தரவாதம் என்று தொடங்கி என்று முடிந்தது என்பது தெரியும். யந்திரத்தின் மெய்யான வயது அதுவே. கடைக்காரர் வாயால் சொல்வதன்று.

அடுத்தது மின்கலம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, காணொளி ஒன்றைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் போதும். நூறிலிருந்து தொண்ணூற்று ஐந்துக்கு இறங்கினால் நன்று. நூறிலிருந்து அறுபதுக்கு வீழ்ந்தால் மின்கலம் முடிந்ததென்று கொள்க. விண்டோஸில் மின்கல அறிக்கை ஒன்றை எடுக்கவும் வழியுண்டு. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவான். அதில் புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்பொழுது எவ்வளவு என்ற இரண்டு எண்கள் இருக்கும். ஐம்பதாயிரம் மில்லிவாட்-மணி முப்பதாயிரமாகக் குறைந்திருந்தால், ஐந்தில் மூன்று பங்கு உயிர் எஞ்சியிருக்கிறது என்று பொருள். வீட்டிலேயே செருகி உபயோகிப்போருக்கு அதுவே போதும். ஆனால் ஒன்றை மாத்திரம் பொறுத்துக்கொள்ளக் கூடாது. கணினியை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் நோக்கும்போது, சுட்டியாகிய தொடுதளம் மேலெழும்பியோ அடித்தட்டு வயிறு புடைத்தோ காணப்பட்டால், உள்ளே லித்தியம் மின்கலம் வீங்கியிருக்கிறது. அது தீப்பற்றக்கூடியது. அத்தகையதை எந்த விலைக்கும் வீட்டுக்குள் கொண்டுவரலாகாது.

பிறகு விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தையும் தட்டிப் பார்த்தல். திரையில் வெண்மையான பக்கத்தையும் கறுத்த பக்கத்தையும் விரித்துப் புள்ளி, கோடு, மங்கல் உளவோ எனக் காணுதல். மூடியைப் பலமுறை திறந்து மூடிக் கீல் தளர்ந்துள்ளதா என அறிதல். கைப்பேசியிலிருந்து கம்பியில்லா இணைப்புப் பெற்று ஒரு காணொளி அழைப்புச் செய்தல். ஊருக்கே ஓர் அழைப்புப் போட்டுப் பாட்டியாரிடம் "என் குரல் கேட்கிறதா" என்று விசாரித்தால், ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் ஒருசேரச் சோதனையாகிவிடும். சேமிப்பு, சுழலும் வன்தட்டா சில்லுத் தட்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். வன்தட்டாயின், பல வாரம் கழித்து இயக்கும்போது திருத்தங்களை ஏற்றுக்கொள்ளவே அரைநாள் போய்விடும். மலிவுக் கணினியில் செய்யத்தக்க செலவுகளுள் எஸ்.எஸ்.டி. பொருத்துவதற்கு ஈடான பலன் தருவது வேறில்லை என்பது நம் கருத்து. நினைவகம் 8 ஜிகாபைட் இருத்தல் வேண்டும். விண்டோஸ் 11க்கு 4 போதுமென்று ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் மட்டுமே இருக்கிறது.

மின்னேற்றியைப் பலர் மறந்துவிடுகின்றனர். கணினியோடு வருவது அதற்கே உரியதுதானா, எத்தனை வாட் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டெல் கணினிகள் தமக்குரியதன்று என்று கண்ட மின்னேற்றியிலிருந்து மின்கலத்துக்கு மின்சாரம் ஏற்ற மறுத்து, வேகத்தையும் குறைத்துக்கொள்வதுண்டு. வாங்கியவர் யந்திரம் பழுதென்று கருதி அலைவார்.

இதுகாறும் சொன்னவை யந்திரத்தின் குறைகள். கண்ணுக்குப் புலப்படாத குறை ஒன்று உண்டு. பணம் முழுவதையும் ஒரே நாளில் விழுங்குவது அதுவே. நிறுவனங்கள் தம் கணினிகளின் வரிசை எண்களைத் தமது மேலாண்மைப் பதிவேட்டில் ஏற்றி வைத்திருக்கின்றன. அப்பதிவிலிருந்து நீக்கப்படாத கணினி, கடையில் ஒழுங்காகவே ஓடலாம். வாங்கியவர் சில வாரம் கழித்து இயங்குதளத்தை மறுபடி நிறுவி இணையத்தில் இணைத்ததும், "இக்கணினி இன்ன நிறுவனத்துக்குரியது, அலுவலகக் கணக்கால் உள்நுழைக" என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். மேற்கொண்டு நகராது. ஆப்பிள் கணினிகளில் முந்தைய உடைமையாளரின் கணக்கு நீக்கப்படாதிருந்தாலும் இதே கதி. வேலையை விட்டுச் சென்ற ஊழியர் திருப்பிக் கொடாத கணினி, குடியிருப்புக் காவலாளி மூலமாகவோ நண்பரின் நண்பர் மூலமாகவோ பாதி விலைக்கு வரும்போது, இவ்வாபத்து மிகுதி. ஆகையால், பணம் கொடுப்பதற்கு முன்னரே இயங்குதளத்தை முற்றிலும் அழித்து மறுபடி தொடங்கச் சொல்லி, இணையத்தோடு இணைத்து, முதல் வரவேற்புத் திரையைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதே முறை. நேர்மையான கடைக்காரர் இதற்கு மறுக்கமாட்டார்.

திருட்டுப் பொருளா என்பதை அறியக் கைப்பேசிக்கு ஒரு வழி இருக்கிறது. 2023இல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் கைப்பேசியின் பதினைந்து இலக்க எண்ணை இட்டுப் பார்க்கலாம். மடிக்கணினிக்கு அத்தகைய எண் கிடையாது. அத்தளம் இதற்கு உதவாது. ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டி வாங்கினால்கூட அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டியிருந்தது. யாருடைய பெட்டி எங்கிருக்கிறது என்பது ஏட்டில் இருந்தது. இன்றைய மடிக்கணினிக்கு அந்த ஏடு இல்லாமையால், வாங்குவோருக்குப் பாதுகாப்பாக இருப்பது விற்பனைச் சீட்டு ஒன்றே. திருட்டுப் பொருளென்று அறிந்தோ, அறிய இடமிருந்தோ வாங்குவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றமாகும். மொழி தெரியாத ஊரில் காவல் நிலையத்தில் "எனக்குத் தெரியாது" என்று விளக்குவது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் கடையில் வாங்குவதே நன்று. தாபோடியிலிருப்போர் மெட்ரோவில் ஏறி, வண்டி மாறாமலே மகாத்மா புலே மண்டயி நிலையத்தில் இறங்கினால், புத்வார் பேட்டையிலுள்ள தாப்கீர் கல்லிக்கு நடந்தே போகலாம். மின்சாதனக் கடைகள் நெருங்கிய தெரு அது. ஒரே நாளில் பல கடை ஏறி விலை ஒப்பிட வசதியானது. மும்பையில் லாமிங்டன் சாலை, டெல்லியில் நேரு பிளேஸ், பெங்களூரில் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு என்று ஒவ்வொரு நகரத்துக்கும் ஒன்று இருக்கிறது. பூனாவின் ஜுனா பஜாரில் பித்தளைப் பாத்திரமும் பழங்காசும் தேடித் திரிவது இன்பமான பொழுதுபோக்கு. செருகிச் சோதிக்க வழியில்லாத தெருவோரத்தில் கணினி வாங்குவது அவ்வாறன்று.

மராத்தியில் ரசீதுக்குப் "பாவ்தீ" என்று பெயர். அச்சொல்லைத் தயங்காமல் உபயோகிக்க வேண்டும். சீட்டில் கடையின் பெயர், முகவரி, தேதி, தொகை ஆகியவற்றோடு யந்திரத்தின் வரிசை எண்ணும், உத்தரவாத நாட்களும் எழுதப்பட்டிருத்தல் அவசியம். "மூன்று மாதம் பார்த்துத் தருகிறேன்" என்ற வாய்மொழி, கடை மாறினால் மறைந்துவிடும். பழைய பொருளாயினும் வணிகரிடம் விலைகொடுத்து வாங்கியவர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோரே. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைத் தமிழிலேயே அழைத்து முறையிடலாம். தனிநபரிடம் வாங்கும்போது இப்பாதுகாப்பு கிடையாது.

இனி விலையைக் கணக்கிடும் முறை. கடைக்காரர் சொல்லும் தொகை விலையன்று, விலையின் முதற்பகுதி. ஒரு கணினி 9,000 ரூபாய் என்றும், மற்றொன்று 14,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு மின்கலம் மாற்ற வேண்டும், வன்தட்டை நீக்க வேண்டும், நினைவகம் கூட்ட வேண்டும், மின்னேற்றி வேறு வாங்க வேண்டும். இவற்றைக் கடையிலேயே விசாரித்துக் கூட்டிப் பார்த்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் மறைந்துபோகும். சில வேளை மலிவானதே முந்திக்கொள்ளும். அவ்வாறு செலவிட்ட பின்பும் அதன் செயலி ஏழாம் தலைமுறையாகவே இருக்கும். கூட்டிவந்த தொகை, புதிய எளிய கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டால், பழையதை விட்டுவிட்டு இன்னும் சில மாதம் சேமிப்பதே தக்கது என்போம். குரோம்புக் என்ற வகை மிக மலிவாகக் கிடைக்கும். அவற்றுக்கு மாதிரிக்கு மாதிரி திருத்தம் நின்றுபோகும் தேதி ஒன்று உண்டு. அதைக் கண்டறியாமல் வாங்கலாகாது.

வீட்டுக்கு வந்தபின் முதல் வேலை, கடைக்காரர் நிறுவித் தந்த இயங்குதளத்தை அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய பிரதியை நிறுவுதல். திருட்டுப் பிரதியைத் திறக்கும் கருவிகளோடு உளவு நிரல்களும் சேர்ந்துவருவதுண்டு. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது, சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பு. செலவாகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், விண்டோஸோடு விற்கப்பட்ட கணினிகளில் உரிமத் திறவுகோல் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. நிறுவியதும் அது தானே அடையாளம் கண்டுகொள்வது வழக்கம். அடுத்து, தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தல். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகை, விண்டோஸிலும் லினக்ஸிலும் தனிச் செலவின்றிக் கிடைக்கிறது. மராத்தியும் இந்தியும் பள்ளியில் பயிலும் பிள்ளை, ஆத்தாளுக்கு ஒரு கடிதமேனும் தமிழில் தட்டெழுதிப் பழக, வீட்டில் ஒரு கணினி இருப்பதைவிட நல்ல சாக்கு ஏது?

உபயோகம் அரிதாக இருக்கும் கணினிக்கு ஓய்வே நோய். மின்கலத்தை முற்றிலும் வற்றவிட்டு மாதக்கணக்கில் வைத்தால், அது மறுபடி ஏற்றம் கொள்ளாமலே இறந்துவிடக்கூடும். எப்பொழுதும் நூறு சதவிகிதத்தில் செருகியே வைத்தாலும் ஆயுள் குறையும். பாதியளவு, அதாவது நாற்பதிலிருந்து அறுபது சதவிகிதம் வரை ஏற்றி, முற்றிலும் அணைத்து வைப்பதே முறை. தகரக் கூரையின் கீழுள்ள பரண் அதற்கு இடமன்று. மே மாத வெயிலில் அங்கே மின்கலம் வேகும். மழை மாதங்களில் ஈரம் ஏறாதபடி துணிப்பையில் இட்டு, மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் இரண்டைச் சேர்த்து, பீரோவின் நடுத்தட்டில் வைக்கலாம்.

மாதத்தில் ஒரு நாள், சம்பளம் வரும் வாரத்து ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை எடுத்து இயக்கி, திருத்தங்கள் யாவும் இறங்கி முடியும் வரை ஓடவிட வேண்டும். இதைச் செய்யாதோர், விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலையில் கணினியைத் திறந்து, "திருத்தங்கள் நிறுவப்படுகின்றன, அணைக்க வேண்டாம்" என்ற அறிவிப்பின்முன் கைகட்டி நிற்பார்கள். நாளும் நேரமும் தவறாகக் காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்திருக்கிறது. பெரும்பாலும் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் அதைப் பழுதுபார்ப்பவர் சில நிமிடத்தில் மாற்றித் தருவார். மாற்றாமல் விட்டால், தேதி பிசகியதால் வங்கித் தளமும் அரசுத் தளமும் திறக்க மறுக்கும். கழற்றிய பெரிய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், மாற்றித் தந்த கடையிலேயோ, மின்கழிவு சேகரிக்கும் இடத்திலேயோ ஒப்படைத்துவிடலாம்.